ஷமா வீட்டு மாடியும் இருபது முகவரிகளும்

ஷமாவைப் பொறுத்தவரை ஃபோன் என்பது காதில் வைக்கிற பொருளே இல்லை. அதை எங்காவது சாய்த்து நிறுத்த வேண்டும். முகமும் இரண்டு கைகளும் முழுசாகத் தெரிய வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடிக்கக் கூடாது. இவ்வளவும் அமைந்துவிட்டால் பேச்சு மணிக்கணக்கில் ஓடும். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. பேசுவதெல்லாம் கையால்தான்.

திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பத்தாவது வரை படித்து, தையல் பழகி, நாலு தெரு தள்ளியே வாழ்க்கைப்பட்டாள். கணவன் வாஜித்துக்கும் காது கேட்காது. அவனுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். மற்ற நாளெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்துவது திரை வழியாகத்தான். சண்டை முற்றினால் ஷமா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதற்குமேல் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்து சேராது.

மாமனார் சௌகத் அலி தோல் வியாபாரி. வீட்டின் கீழ்த்தளத்தில் மண்டி ஆபீஸ், நடுத்தளத்தில் குடும்பம், மாடியில் ஒரு நீளமான ஹால், அங்கேதான் ஷமாவின் தையல் மெஷின். மாமியார் குர்ஷித் பேகம் மகனை வளர்த்த வகையில் கைப்பேச்சு கற்றவர். இலக்கணம் பாதி இருக்காது. ஆனால் அவர் முகம் ஒன்றே போதும், திட்டு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சுற்றுவட்டாரக் காது கேளாதவர்களின் கூட்டம் ஒன்று கூடும். முன்பெல்லாம் இவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள். பத்துப் பேர் கையை ஆட்டிப் பேசினால் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருநாள் ஷமாவுக்கு ஆத்திரம் வந்து அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஆத்தூரிலிருந்து பெயிண்டர் ஆல்வின் வருவான். சேவுகம்பட்டியிலிருந்து வாழைத் தோட்டக்காரர் சங்கிலி ஒரு சீப்புப் பழத்தோடு வருவார். வேடசந்தூர் மில்களில் வேலை பார்க்கும் பெண்கள் வாரவிடுப்புக்கு ஏற்றபடி வருவார்கள். காது கேளாதவர்கள் கூடினால் அமைதியாக இருக்கும் என்றுதான் சௌகத் அலி முதலில் நினைத்தார். ஒருவரைக் கூப்பிட இன்னொருவர் தரையை மிதிப்பதும், சிரிப்பு வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பதுமாக, கீழே ஆபீஸில் தலைக்குமேல் கல்யாண வீடு போல இருந்தது.

அந்தத் தெருவில் வீடுகள் நெருக்கம், சுவர்கள் கனம். மொபைல் சிக்னல் மாடிக்கு ஏறாது. ஏறினாலும் வீடியோவில் பேசிப் பேசி எல்லோருக்கும் அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் வாஜித் மெஷ் ரௌட்டர் வாங்கி வந்தான். ஆபீஸில் ஒன்று, நடுவீட்டில் ஒன்று, மாடியில் ஒன்று என மூன்று வெள்ளைப் பெட்டிகள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை கொடுக்கும். வீட்டாருக்கு ஒரு பெயரில், வந்து போகிறவர்களுக்குக் ‘கெஸ்ட்’ என்று இன்னொரு பெயரில். பில் போடும் கம்ப்யூட்டரும் கேமராக்களும் வீட்டு லைனில் இருந்ததால் அதன் பாஸ்வேர்டை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சௌகத் அலியின் கண்டிப்பு. ஷமாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டுச் சாவியை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியுமா?

இப்படி இருக்கும்போதுதான் காது கேளாதோர் மாநிலச் சங்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அதுவரை திண்டுக்கல்காரர்கள் மதுரைக் கிளையின் வால். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது புரிய வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு மதுரைக்கு எழுத வேண்டும். மதுரைக்காரர்களின் வேலை முடிந்து ஆள் வருவதற்குள் காய்ச்சலே குணமாகிவிடும். இப்போது வாய்ப்பு வந்திருந்தது. வீடியோவில் நடக்கும் பொதுக்குழுவில் ஒரு மாவட்டத்திலிருந்து இருபத்தைந்து பேர், அவரவர் ஃபோனில், அவரவர் முகத்தோடு கலந்துகொண்டால் தனிக் கிளை. தனியாக ஒரு மொழிபெயர்ப்பாளர்.

“இருபத்தஞ்சு என்ன, முப்பதே வருவோம்,” என்றான் ஆல்வின். கையால் சொன்னதை எழுத்தில் கொண்டுவரும்போது வாயால் சொன்ன மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் அவன் ‘முப்பது’ சொன்ன வேகத்தில் சங்கிலியின் டீ கிளாஸ் தட்டிவிடப்பட்டதை எழுத்தில் காட்டுவது கஷ்டம்.

மணிக்கணக்கில் நடக்கும் வீடியோக் கூட்டத்துக்கு யாருடைய டேட்டாவும் தாங்காது என்பதால் எல்லோரும் ஷமா வீட்டு மாடியிலேயே கூடுவது என்று முடிவானது. ஆட்கள் சேர்ந்தார்கள். வைஃபைதான் சேரவில்லை.

சிலர் ஃபோனில் கெஸ்ட் வைஃபை உடனே கிடைத்தது. சிலருக்குப் பாஸ்வேர்டு சரியாக அடித்த பிறகும் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே அலுத்துப்போய் நின்றுவிடும். லைன் கொடுத்தவர்களின் ஆள் வந்து பார்த்தார். பெட்டிகளை அணைத்துப் போட்டார். எல்லா ஃபோனும் சேர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே வட்டம்.

பெட்டி கம்பெனியின் உதவி எண்ணுக்குக் குர்ஷித் பேகம்தான் பேசினார். ஷமா பக்கத்தில் உட்கார்ந்து மாமியாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரௌட்டர் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும் மேடம்,” என்றது எதிர்முனை.

“எம் மகன் பேர்ல இருக்குப்பா. அவன் பேசமாட்டான்.”

“அப்ப வீட்ல யூஸ் பண்றவங்க பேசலாமா?”

“எம் மருமக. அவளும் பேசமாட்டா.”

“அப்ப யார்தான் மேடம் பேசுவீங்க?”

“நான்தானப்பா இம்புட்டு நேரமா பேசிக்கிட்டே இருக்கேன்! ஒனக்குக் காது கேக்குதா இல்லையா?”

கடைசியில் அவர்கள் சொன்னதும் அணைத்துப் போடச் சொல்லித்தான். மாமியார் அதை ஷமாவுக்கு ஒரே சைகையில் சொன்னார். விளக்கை அணைப்பது, போடுவது, பிறகு தலையில் அடித்துக்கொள்வது.

சௌகத் அலிக்கு வேறு கணக்கு. ஒரு சாயங்காலம் மாடியேறி வந்தார். மனைவியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பேசினார். “ஏம்மா, அம்புட்டு பேரும் ஒரே நேரத்துல வீடியோ போட்டா லைன் தாங்குமா? ஒரு குழாய்ல எத்தன குடத்த வைப்ப? பத்து பேரோட நிறுத்திக்க. மத்தவங்க அவங்கவங்க வீட்ல இருந்து பேசட்டும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஷமா யோசித்தாள். குழாயில் தண்ணீர் குறைவு என்றால் எல்லாக் குடமும் அல்லவா மெதுவாக நிரம்ப வேண்டும்? இங்கே கிடைத்தவர்களுக்குப் படம் பளிங்கு மாதிரி ஓடுகிறது. கிடைக்காதவர்களுக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. இது தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. யாரோ வாசலிலேயே ஆளை நிறுத்துகிறார்கள்.

பொதுக்குழுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தாள். அன்றைக்கும் பத்துப் பேருக்குக் கிடைத்தது, ஆறு பேருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களில் அன்புக்கரசியும் ஒருத்தி. வேடசந்தூர் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருப்பவள், கூட்டத்துக்குப் புதுசு. மூன்று வாரமாக வருகிறாள். மூன்று வாரமும் அதே வட்டம்தான். அவள் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“என் ஃபோன்தான் மட்டம்க்கா. விலை கம்மின்னு வாங்கினது. நான் வரலைன்னா ஒரு மொகந்தானே கொறையும்? பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்.”

ஷமாவுக்குச் சுருக்கென்றது. இந்த வாக்கியத்தை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் நிறுத்தி ‘ப’ சொல்லச் சொன்ன டீச்சர், சத்தம் சரியாக வராதபோது, நீ முயற்சி செய்யவில்லை என்றார். பேங்கிலிருந்து சரிபார்க்கக் கூப்பிட்டபோது எடுக்காதது உங்கள் தப்பு என்று கவுன்டரில் இருந்தவர் எழுதிக் காட்டினார். எந்தக் கதவு திறக்காவிட்டாலும் குறை தட்டுகிறவர் கையில்தான். இப்போது ஒரு வெள்ளைப் பெட்டியும் அதையே சொல்கிறது; இந்தப் பெண்ணும் நம்பிவிட்டாள்.

“ஒக்காரு,” என்றாள். “அடுத்த பஸ்ல போகலாம். ஒன் ஃபோன் மட்டமா, இந்தப் பெட்டி மட்டமான்னு இன்னைக்குப் பாத்துடுவோம்.”

முதலில் அன்புக்கரசியின் ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே போய் ஆபீஸில் இருக்கும் தலைமைப் பெட்டியின் மேலேயே வைத்தாள். வட்டம் சுற்றியது. ஆக, தூரம் காரணம் இல்லை. மாடிப் பெட்டி மேலும் குற்றம் இல்லை. அடுத்து, மாமனார் முகத்தைப் பார்க்காமல், அதே ஃபோனில் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைத் தன் கையால் அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் சேர்ந்துவிட்டது. ஆக, ஃபோனும் மட்டம் இல்லை. வீட்டு லைனிலிருந்து அதை உடனே கழற்றிவிட்டு மாடியேறினாள். மீதி இருப்பது கெஸ்ட் லைன் மட்டும்தான்.

தன் ஃபோனைக் கெஸ்ட்டில் சேர்த்து அதன் விவரத்தைத் திறந்து பார்த்தாள். ஐபி முகவரி என்று புள்ளி புள்ளியாக ஒரு நீளமான எண். ஆல்வின் ஃபோனில் பார்த்தாள். அதே எண், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது மட்டும் வேறு. சங்கிலி ஃபோனிலும் அப்படியே. தெரு ஒன்று, கதவு எண் மட்டும் வேறு வேறு என்பது மாதிரி. வட்டம் சுற்றுகிறவர்களுக்கு அந்தக் கதவு எண்தான் கிடைக்காமல் இருந்தது.

ஷமா ஹால் நடுவில் நின்று தரையை ஓங்கி மிதித்தாள். எல்லோரும் திரும்பினார்கள்.

“வைஃபை கெடைச்சவங்க எல்லாம் கடைசி நம்பரக் கையில காட்டுங்க.”

கைகள் எழுந்தன. நாலு. ஒன்பது. பதினாலு. சங்கிலி பதினேழு என்று காட்டிவிட்டு ஏதோ பரிசு விழுந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆல்வின் இருபத்தொன்று. ஷமா சுற்றிப் பார்த்தாள். இருபத்தொன்றுக்கு மேல் ஒரு கைகூட இல்லை. சரி, கீழே?

“அஞ்சு யாருக்கு?” யாருக்கும் இல்லை. “ஆறு?” இல்லை. “பத்து?” இல்லை. எண்கள் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டைகளாக இருந்தன. இடம் இருக்கிறது, இருந்தும் புதிதாக வருகிறவருக்குப் பெட்டி கொடுக்க மாட்டேன் என்கிறது.

கொடுக்காவிட்டால் நாமே எடுத்துக்கொண்டால் என்ன? அன்புக்கரசியின் ஃபோனில் கெஸ்ட் லைனின் அமைப்பைத் திறந்தாள். முகவரியைத் தானாகப் பெறுவதா, கையால் எழுதுவதா என்று ஒரு கேள்வி இருந்தது. கையால் என்பதைத் தொட்டாள். தன் ஃபோனைப் பார்த்து மற்ற எண்களையெல்லாம் அப்படியே எழுதி, கடைசியில் மட்டும் முப்பது என்று போட்டாள். யாரும் வைத்திருக்காத எண்.

வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. ‘இணைக்கப்பட்டது.’

அன்புக்கரசி ஃபோனைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அக்காளுக்கு வீடியோ போட்டாள். அக்காள் முகம் வந்தது. இவள் ஒரு கையால் பேசி, இன்னொரு கையால் ஹாலைச் சுற்றிக் காட்டி, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பேசினாள். மற்ற ஐந்து பேரும் ஃபோனை நீட்டிக்கொண்டு ஷமாவைச் சூழ்ந்துவிட்டார்கள்.

“நில்லுங்க, நில்லுங்க. முப்பது பேருக்கும் நான் கையால எழுதிக்கிட்டிருக்க முடியாது. வேரத் தேடுவோம்.”

வாஜித்தைத் திரையில் பிடித்தாள். ரௌட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு அவனிடம்தான் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல, மண்டி வேலைக்காக வீட்டில் வைத்திருந்த பழைய லேப்டாப்பில் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாக உள்ளே போனாள். கெஸ்ட் என்ற தலைப்புக்குக் கீழே முகவரிகள் என்று இருந்தது. இரண்டு முதல் இருபத்தொன்று வரை. மொத்தம் இருபது. அதற்குக் கீழே, ஒரு முகவரியைக் கொடுத்தால் எவ்வளவு காலத்துக்கு என்ற இடத்தில், ஏழு நாள்.

ஷமா லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஏழு நாள்! திங்கள் முதல் சனி வரை மண்டி ஆபீஸுக்கு லாரி டிரைவர்கள் வருகிறார்கள், தரகர்கள் வருகிறார்கள், ஈரோட்டு வியாபாரி வருகிறார். ஒவ்வொருவரும் டீ குடிக்கிற நேரத்துக்குக் கெஸ்ட் வைஃபையில் சேர்கிறார்கள். அவர்கள் போய் ஊர் சேர்ந்த பிறகும் பெட்டி அவர்கள் எண்ணை ஒரு வாரத்துக்குப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறது. பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போய்விட்டார். இலையை எடுக்க ஆளில்லை. அடுத்த ஆள் நின்றுகொண்டே இருக்கிறார். அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது என்பதும் இப்போது விளங்கியது. பெட்டிக்குப் பழசெல்லாம் மறந்து போகிறது, அவ்வளவுதான்.

“இருபதுன்னு யார் வச்சது?” என்று கேட்டாள்.

திரையில் வாஜித் தாடியைச் சொறிந்தான். “மாட்டும்போது கேட்டுச்சு. வீட்டுக்கு விருந்தாளின்னா இருபது பேருக்கு மேல யார் வரப்போறான்னு நான்தான் போட்டேன்.”

“நல்ல மனுசன்! ஒன் பெண்டாட்டிக்கு இம்புட்டுத்தான் சிநேகிதம்னு நெனைச்சியா?”

மாடியிலிருந்த அத்தனை பேரும் சிரித்ததில் வாஜித்துக்கு முகம் சிவந்தது. கடைசி எண்ணை இருநூறு என்று மாற்றினாள். ஏழு நாளை மூன்று மணி நேரம் ஆக்கினாள். உள்ளே இருப்பவருக்குக் காலம் தானாகவே நீளும், போனவரின் இடம் மட்டும் காலியாகும் என்று பக்கத்திலேயே குறிப்பு இருந்தது. சேமி என்பதைத் தொட்டாள்.

மூன்று பெட்டிகளும் ஒன்றாக விளக்கணைந்தன. கீழே ஆபீஸில் கேமராத் திரை கருத்துப்போனது. பாதி பில்லில் கம்ப்யூட்டர் நின்றது. சௌகத் அலி படிக்கட்டின் கீழ் நின்று என்னென்னவோ சத்தம் போட்டார். குர்ஷித் பேகம் மேலே வந்து மருமகளிடம், “மாமா என்ன ஆச்சுன்னு கேக்குறாரு,” என்று மட்டும் கையால் சொன்னார். அவ்வளவு நீளமான சத்தத்துக்கு இவ்வளவுதானா என்று ஷமா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மாமியார் வேறு பக்கம் பார்த்தார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எரிந்தன. ஆறு ஃபோன்களிலும் வட்டம் ஒரு நொடிகூடச் சுற்றவில்லை. எடுத்தவுடனே சேர்ந்தன. “இருபத்தி ரெண்டு!” என்று ஒருத்தி கையைக் காட்டினாள். “இருபத்தி அஞ்சு!” என்றாள் இன்னொருத்தி. அன்புக்கரசி தன் ஃபோனைத் ‘தானாக’ என்பதற்கு மாற்றிவிட்டு, வந்த எண்ணை எல்லோரிடமும் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள்.

பொதுக்குழு நாளில் ஷமாவின் மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. அன்புக்கரசி தனியாக வரவில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து மில்களிலிருந்து இன்னும் ஏழு பெண்களைக் கூட்டி வந்தாள். அப்படி ஏழு பேர் இருக்கிறார்கள் என்பதே அதுவரை ஷமாவுக்குத் தெரியாது. சங்கிலி சீப்பை விட்டுத் தாரையே தூக்கி வந்துவிட்டார். கதவோரம் நின்று ஆல்வின் ஒவ்வொருவர் ஃபோனாக வாங்கிப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். ஒன்றுகூட ‘சேரவில்லை’ என்று திரும்பி வரவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் மதுரைக் கிளையின் தலைவர். அவர் திண்டுக்கல் முறை வந்ததும், கையைத் தூக்குங்கள் என்றார். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போனது. அவர் விரல் விட்டு எண்ணினார். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“முப்பத்தி நாலு. எல்லாரும் ஒரே வீட்லயா இருக்கீங்க?”

“ஒரே வீட்லதான்,” என்றாள் ஷமா.

“இங்க எங்க ஆபீஸ்ல எட்டு பேர் சேர்ந்தாலே ஒம்பதாவது ஆளுக்கு வட்டம் சுத்துதும்மா! நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?”

“கூட்டம் முடியட்டும்ணே. செத்த நேரத்துல நான் சொல்லித் தாரேன்.”

தனிக் கிளை என்று அறிவித்தார்கள். செயலாளர் யார் என்று கேட்டபோது, முப்பத்து மூன்று பேரும் ஒரே மாதிரி விரல்களைக் குவித்துச் சுடர் நடுங்குவது போல ஆட்டினார்கள். ஷமா என்றால் விளக்குச் சுடர்; அவர்கள் கைப்பேச்சில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் ஒரு கணம் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஹால் முழுக்கக் கைகள் மேலே எழுந்து விரல்கள் விரிந்து சுழன்றுகொண்டிருந்தன. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். திரையிலும் மாநிலம் முழுக்கக் கைகள் சுழன்றன.

சத்தமே இல்லையே, என்ன ஆயிற்றோ என்று சௌகத் அலி மாடியேறி வந்திருந்தார். கதவருகே நின்றார். அறுபது எழுபது கைகள் ஒன்றாகச் சுழல்வதைப் பார்த்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவரும் கையைத் தூக்கியிருந்தார். சௌகத் அலி தயங்கித் தயங்கித் தம்முடைய கைகளையும் தூக்கினார். விரல்களைச் சுழற்றத் தெரியவில்லை. வெறுமனே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் மனைவியிடம். “லைன் தாங்கிடுச்சே! இன்னும் எத்தன பேர் வந்தா தாங்குமாம்? கேளு.”

குர்ஷித் பேகம் கேட்டார். “எம்புட்டு பேர் வந்தாலும்னு சொல்லுங்க மாமி,” என்றாள் ஷமா.

“சரி, எல்லாம் எந்திரிச்சுக் கை கழுவுங்க,” என்று குர்ஷித் பேகம் பிரியாணிச் சட்டியைத் திறந்தார். கையில் சோறு வந்துவிட்டால் இவர்கள் பேச்சு கொஞ்சமாவது நிற்கும் என்பது அவர் எண்ணம். முப்பத்து நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் பேசிக்கொண்டிருந்தார்கள்.